அண்ணாச்சி பதில்கள்: கருப்பு பீரும் கருப்பட்டி நாக்கும்

போன இதழில் பெங்களூர் ப்ரூபப்புகளைப் பற்றி, அதாவது கடையிலேயே பீர் காய்ச்சி விற்கிற இடங்களைப் பற்றி எழுதும்போது, ஸ்டவுட் என்கிற கருப்பு பீரை ருசி பார்த்துத் தரம் சொல்லத் திருநெல்வேலிக்காரனுக்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், கருப்பட்டிக் காபியில் வளர்ந்த நாக்கு போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்தத் தடவை முழுக்க. பெயரைப் போட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி என்று பாதிப் பேர் கெஞ்சியிருப்பதால் யாருக்கும் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான். 21 வயது ஆகாதவர்கள் அடுத்த பக்கத்துக் குறுக்கெழுத்துக்குப் போகலாம். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பதை மறக்காமல் போடச் சொன்னார் ஆசிரியர், போட்டாச்சு.

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, எனக்கு வேலை பெங்களூரில். ஆபீஸ் நண்பர்கள் ஒரு ப்ரூபப்புக்குக் கூட்டிப் போய் ஸ்டவுட் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குச் சுண்டிப்போன டிகாஷனைக் குடித்தது போலத்தான் இருந்தது. அவர்களோ சாக்லேட் வருது, காபி வருது, உலர்ந்த பழம் வருது என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நிஜமாகவே வருதா, அடிச்சு விடுறாங்களா? நல்ல ஸ்டவுட், மட்டமான ஸ்டவுட் என்று எதை வைத்துச் சொல்வது?

பாதி வருகிறது, பாதி அடித்து விடுகிறார்கள். எது எந்தப் பாதி என்று பிடிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

காபி வாசம் பொய் இல்லை. பீருக்கு அடிப்படை, பார்லியை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்த மால்ட். ஸ்டவுட்டுக்கு அதோடு கொஞ்சம் பார்லியை முளைகட்டாமலே கருக வறுத்துச் சேர்க்கிறார்கள். மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பீர் முழுக்கக் கருத்துவிடும். காபிக்கொட்டை வறுபடும்போது உள்ளே நடக்கிற அதே மாதிரி வேதிவினைகள் பார்லியிலும் நடக்கின்றன, அதனால்தான் வாசமும் ஒரே வகையறா. 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைத் தீய்ந்து வீணாகாமல் கருக்குகிற உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் லண்டன்காரர்கள் குடித்த போர்ட்டர் என்கிற பீரும் ஸ்டவுட்டும் பழுப்பு மால்ட்டில் காய்ச்சியவை, இந்தக் கன்னங்கரேல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

சரி, குடிக்கிற விஷயம். பல் கூசுகிற குளிரில் கொண்டுவந்து வைத்தால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். 10 டிகிரி, 12 டிகிரிக்கு ஏறினால்தான் வாசம் வெளியே வரும், குளிரில் எல்லா பீரும் ஒன்றுதான். அந்த நேரத்தில் போன் டார்ச்சை கிளாஸுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கருப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். கலங்கலாக, சேறாகத் தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நுரை வெள்ளையாக இருக்காது, பால் குறைவாக விட்ட டீ நிறத்தில் இருக்கும், குடிக்கக் குடிக்க கிளாஸில் வளையம் வளையமாக ஒட்டி நிற்கும். சோடா நுரையைப் போல உடனே செத்துப்போனால் பீரைத் திட்டுவதற்கு முன்னால் கிளாஸைச் சந்தேகப்படுங்கள், எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது.

அப்புறம் மூக்கு. கிளாஸை ஒரு சுற்று சுற்றி, சின்னதாக இரண்டு தடவை முகருங்கள், போதும். இழுத்து இழுத்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றும் சொல்லாது. முதல் முகர்வில் என்ன தோன்றியதோ அதைத் தாளில் எழுதுங்கள், உங்கள் வீட்டு வார்த்தையிலேயே எழுதுங்கள். கருப்பட்டி, வறுத்த உளுந்து, தீய்ந்த ரொட்டி, அடுப்புச் சாம்பல், எது வந்தாலும் சரி. பக்கத்து ஆள் சாக்லேட் என்று சொன்ன பிறகு உங்களுக்கும் சாக்லேட்தான் வரும், மனுஷ மூளை அப்படி. போட்டிகளில் நடுவர்கள் எல்லோரும் எழுதி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது வாயில் ஏற்கெனவே இருந்த வெங்காய பஜ்ஜியைக் கழுவத்தான். இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் வருகிறது. ஒயின் நடுவர்கள் துப்பிவிடுவார்கள், பீர் நடுவர்கள் விழுங்குவார்கள், ஏனென்றால் கசப்பு விழுங்கின பிறகுதான் முழுசாகத் தெரியும்.

ஸ்டவுட்டின் தராதரமே அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. ஹாப்ஸ் பூவிலிருந்து ஒரு கசப்பு வருகிறது, வறுத்த தானியத்திலிருந்து இன்னொன்று. இரண்டும் நல்லதே. வந்து, இருந்துவிட்டு, வாயைச் சுத்தமாக உலர்த்திவிட்டுப் போனால், அடுத்த மடக்குக்குக் கை தானாகப் போகும். வேண்டாத கசப்பு வேறு மாதிரி. விழுங்கி வெகு நேரம் ஆன பிறகும் நாக்கின் நடுவில் கரியாக உட்கார்ந்திருக்கும், அல்லது துவர்த்துப்போய், பச்சை வாழைப்பூவைக் கடித்தது போல நாக்கு சொரசொரக்கும். கருக்கின தானியம் அளவு மீறினால் முதலாவது நடக்கும். தானியத்திலிருந்து சாறு இறக்கும்போது தண்ணீர் சூடு அதிகமாகி, உமியில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இறங்கிவிட்டால் இரண்டாவது. நீங்கள் சொல்கிற சுண்டிப்போன டிகாஷன் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இல்லையென்றால் லாகரை, அதாவது வழக்கமான வெளிர் பீரை எதிர்பார்த்து வாயில் ஊற்றின அதிர்ச்சியாகவும் இருக்கலாம். அரை கிளாஸ் தாண்டியும் அப்படியே இருந்தால் பீர்மேல்தான் தப்பு.

இப்போது நண்பர்களைப் பிடிக்கிற வழி. கடைக்காரரிடம் சொல்லி மூன்று சின்ன கிளாஸ் வாங்குங்கள், இரண்டில் ஒரு ஸ்டவுட், மூன்றாவதில் வேறொரு ஸ்டவுட். எது தனி என்று மட்டும் கேளுங்கள். பீர் ஆலைகளிலேயே செய்கிற சோதனைதான் இது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் ஒரே தடவையோடு நிறுத்தாதீர்கள். அதிலேயே தடுமாறுகிறவர் உலர்ந்த பழத்தைப் பற்றிப் பேசினால் சிரித்துக்கொள்ளலாம்.

சங்கரன்கோவில் வாசகர்: கருப்பா இருக்கே, போதை தூக்குமா?

நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை, தம்பி. பப்பில் ஊற்றித் தருகிற, அயர்லாந்தின் பேர்போன ஸ்டவுட்டான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம்ம ஊர்க் கடையில் ஸ்ட்ராங் என்று போட்டு விற்கிற வெளிர் மஞ்சள் பீர்கள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் இம்பீரியல் ஸ்டவுட் என்று எழுதியிருந்தால் உஷார். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரண்மனைக்குக் கப்பலில் போன சரக்கின் பரம்பரை அது, 8 முதல் 12 சதவீதம் வரை போகும்.

கோவில்பட்டி வாசகர்: பீருக்கு மார்க் போடுகிறார்களாமே, அதெல்லாம் எப்படி? எனக்குப் பிடித்தால் நல்ல பீர், பிடிக்காவிட்டால் கெட்ட பீர், அவ்வளவுதானே?

இல்லை வே, அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்கிற நடுவர் அமைப்பின் தாள்தான் பல நாட்டுப் போட்டிகளில் ஓடுகிறது. மொத்தம் 50 மார்க். வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் இருக்கிற கனத்துக்கும் வழவழப்புக்கும் 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு மூன்றே மார்க் என்பதைக் கவனியுங்கள், நாம் போட்டோ எடுத்துப் போடுகிற அந்த அழகுக்கு அவ்வளவுதான் மதிப்பு. 45-க்கு மேல் போவது அபூர்வம், 30-ஐத் தாண்டினாலே நல்ல பீர் என்று அர்த்தம்.

ஆனால் மார்க்கை விட முக்கியம், எதற்கு எதிராக மார்க் போடுகிறோம் என்பது. ஸ்டவுட் என்பது ஒரு சரக்கு இல்லை. ஐரிஷ் ஸ்டவுட் மெலிசாக, வறண்டு, கசந்து முடியவேண்டும். ஸ்வீட் ஸ்டவுட்டில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை போடுவார்கள். பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்கும். ஓட்ஸ் போட்டது வழுவழுவென்று இருக்கும். அமெரிக்கன் ஸ்டவுட்டில் ஹாப்ஸ் தூக்கலாக இருக்கவேண்டும். ஐரிஷ் ஸ்டவுட் என்று எழுதி ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார், குடித்தால் தித்திக்கிறது, உங்களுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவராக நீங்கள் மார்க்கைக் குறைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் செய்ய நினைத்தது வேறு, வந்தது வேறு. அதையே ஸ்வீட் ஸ்டவுட் வரிசையில் வைத்திருந்தால் அதே கிளாஸுக்கு 38 போடலாம். காய்ச்சினவன் எதைச் செய்ய உட்கார்ந்தான், அது வந்ததா என்பது முதல் கேள்வி. நமக்குப் பிடிக்கிறதா என்பது அதற்கு அப்புறம்தான், அந்தக் கடைசிப் பத்து மார்க்கில் நம்ம ஆசைக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

தூத்துக்குடி வாசகர்: எங்க தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். லயன் ஸ்டவுட் மாதிரி வராது என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அது நிஜமாகவே நல்ல சரக்கா, இல்லை சிலோன் பெருமையா?

தாத்தா சொன்னது சரி. நுவரெலியா மலையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேர்விட்ட பீர் ஆலையின் வழி வந்தது அது, இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் காய்ச்சுகிறார்கள். 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் என்று ஒரு பிரிட்டிஷ்காரர், பாட்டுக்காரர் இல்லை, பீரைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதினவர், அவர் சிலோனுக்கே போய்க் குடித்துவிட்டுப் பாராட்டி எழுதினார். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தேட ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் போர்ட்டரும் ஸ்டவுட்டும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்து இறங்கின. இந்தச் சூட்டு நாடுகளில் உள்ளூரிலேயே காய்ச்ச ஆரம்பித்தபோது அது வேறு ருசிக்குத் திரும்பியது. இனிப்பு ஜாஸ்தி, கருகல் குறைவு, பழ வாசம் தூக்கல். ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் இதே ஜாதி. இதற்கு ட்ராபிகல் ஸ்டவுட் என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். மேலே கோவில்பட்டிக்காரருக்குச் சொன்னது இங்கேயும்தான்: ஐரிஷ் ஸ்டவுட்டின் ஊரான டப்ளினின் அளவுகோலை வைத்து லயனை அளந்தால் தித்திக்கிறது, கனக்கிறது என்று தள்ளிவிடுவீர்கள். அதன் வரிசையில் வைத்துக் குடித்தால் கருப்பட்டிப் பாகும் பேரீச்சம்பழமும் நாக்கில் தெரியும். கொழும்புக்குப் போனால் ஒரு பாட்டிலை இரண்டு பேராகக் குடியுங்கள்.

ராதாபுரம் வாசகர்: தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வா ருசி என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஸ்டவுட் காய்ச்சினால் டப்ளினையே தூக்கிச் சாப்பிடாதா?

தலைகீழ். மலையில் பெய்து பாபநாசத்தில் இறங்குகிற மாதிரியான மென்மையான தண்ணீருக்கு வெளிர் பீர்தான் தோது. செக் நாட்டு பில்சன் ஊரின் தங்க நிற லாகர் பெயர் வாங்கியதில் அந்த ஊர் மென்தண்ணீருக்கும் பங்கு உண்டு. டப்ளின் தண்ணீரில் கார்பனேட் உப்பு அதிகம், காரத்தன்மை கூட. கருக்கின பார்லியோ புளிப்பைக் கொண்டுவருவது. இரண்டும் ஒன்றை ஒன்று தட்டிச் சமன் ஆனதால்தான் அந்த ஊரில் கருப்பு பீர் நன்றாக வந்தது. 1759-ல் ஆர்தர் கின்னஸ் 9000 வருஷத்துக்கு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தபோது இந்த வேதியியலை எல்லாம் கணக்குப் போட்டிருக்க மாட்டார், காய்ச்சிப் பார்த்து எது ஓடியதோ அதைத் தொடர்ந்தார்கள்.

ஆக, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உங்க ஊர்ப் போர்த் தண்ணீர்தான் ஸ்டவுட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம், வாயில் உப்புக் கரிக்கிற தண்ணீராக இருந்தால் எதற்கும் ஆகாது. இப்போதெல்லாம் தண்ணீரை வடிகட்டி, வேண்டிய உப்பைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள், ஊர்த் தண்ணீர்ப் பெருமை பாதி விளம்பரம். அல்வாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு ஊருக்குள் நடமாட வேண்டும்.

தென்காசி வாசகி: கருப்பு பீர் குடித்தால் ரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தால் பால் சுரக்கும் என்று என் கணவரின் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். டாக்டரே எழுதிக் கொடுப்பாராமே?

தங்கச்சி, அந்த நண்பரை வீட்டுக்குள் விடாதே. ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இந்த நம்பிக்கை இருந்தது நிஜம். கின்னஸ் உங்களுக்கு நல்லது என்று 1929-லிருந்து விளம்பரமே ஓடியது, பால் சர்க்கரை போட்ட ஸ்டவுட்டைச் சத்துப் பானம் என்று விற்றார்கள். அதில் இருக்கிற இரும்பு ஒரு பொருட்டே இல்லை, தாய் குடிக்கிற ஆல்கஹால் பாலில் இறங்கும் என்பது மட்டும் உறுதி. முருங்கைக்கீரை இருக்கிறது, பேறுகால மருந்து அரைத்துக் கொடுக்க அம்மா இருக்கிறார், ரத்தச்சோகை என்றால் ஆஸ்பத்திரியில் மாத்திரை இருக்கிறது.

அம்பாசமுத்திரம் வாசகர்: துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஸ்டவுட் பாட்டில் ஒரு வருஷமாக பீரோவில் இருந்தது. ஒயின் மாதிரி வைக்க வைக்க நல்லா வரும் என்று அவன்தான் சொன்னான். நேற்றுத் திறந்தால் சோயா சாஸ் வாசம். கெட்டுப்போச்சா?

கெட்டுப்போச்சு, ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசிதான் போயிற்று. 9, 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிற இம்பீரியல் ஸ்டவுட் வருஷக்கணக்கில் தாங்கும், அதுவும் இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால். 4, 5 சதவீத ஸ்டவுட்டை வாங்கினதும் குடித்துவிட வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பூட்டின பீரோ எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சூண்டு ஆக்சிஜன் அந்தச் சூட்டில் வேகமாக வேலை செய்துவிடும். சாதாரண பீரில் அது நனைந்த அட்டைப்பெட்டி வாசமாகத் தெரியும், கருப்பு பீர் பழசானால் சோயா சாஸ் பக்கம் போகும்.

இன்னும் சில வாசங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ப்ரூபப்பில் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க உதவும். பாப்கார்ன் வெண்ணெய் வாசம் தூக்கலாக இருந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே இறக்கிவிட்டார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். பச்சை ஆப்பிள் வாசமும் அவசரத்தின் அடையாளம். வினிகர் புளிப்பு வந்தால் கிருமி புகுந்திருக்கிறது, குழாயைச் சரியாகக் கழுவாத கடைகளில் இது நடக்கும். வறுத்த தானியத்தின் இலேசான புளிப்பு ஸ்டவுட்டில் இருப்பதுதான், அதை வினிகரோடு குழப்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

வள்ளியூர் வாசகர்: ஸ்டவுட் ஊற்றினதும் குமிழி எல்லாம் மேலே வராமல் கீழே போனது. நான் அப்போது குடிக்கவே ஆரம்பிக்கவில்லை, சத்தியமாக.

நம்புகிறேன். அது நைட்ரஜன் ஏற்றின ஸ்டவுட். வழக்கமான கரியமில வாயுவோடு நைட்ரஜனைக் கலந்து அழுத்தி ஊற்றுவார்கள், கின்னஸ் 1959-ல் கொண்டுவந்த ஏற்பாடு. நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாது, அதனால் குமிழிகள் பொடிப்பொடியாக இருக்கும். கிளாஸின் நடுவில் குமிழிகள் மேலே ஏறும்போது பீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன, அந்த பீர் சுவர் ஓரமாகத் திரும்பி இறங்கும்போது பொடிக் குமிழிகளையும் கீழே கொண்டுவருகிறது. மேலே அகன்ற கிளாஸில் நன்றாகத் தெரியும். நாம் பார்ப்பது ஓரத்தை மட்டும்தானே.

பார்க்க அழகு, குடிக்க வழவழப்பு, ஆனால் தரம் பார்க்க உட்காரும்போது இது கொஞ்சம் ஏமாற்றும். வாசத்தை அமுக்கிவிடும், குறைகளையும் சேர்த்து மூடிவிடும். அதே ஸ்டவுட் நைட்ரஜன் இல்லாமல் கிடைத்தால் அதைக் குடித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்.

திசையன்விளை வாசகர்: எங்க பக்கத்துக் கருப்பட்டியைப் போட்டு வீட்டிலேயே ஸ்டவுட் காய்ச்சலாமா? செய்முறை தேவை.

செய்முறை தரமாட்டேன். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், ஒரு சொட்டு விற்காவிட்டாலும் குற்றம்தான். பதநீர் இறக்குகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டாலே கள்ளாகிவிடும், அதற்கே 1987-லிருந்து தடை இருக்கிற ஊர் இது.

ஆனால் யோசனை அருமையானது. பெங்களூரில் காய்ச்சுகிற தொழிலில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். கருப்பட்டியில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும், இனிப்பு மிஞ்சாது. அள்ளிப் போட்டால் போதை ஏறி, பீர் தண்ணியாகிவிடும், அதனால் அளவாகப் போட்டு, கனத்துக்கு ஓட்ஸ் சேர்க்க வேண்டும். கொதியின் ஆரம்பத்தில் போட்டால் வாசம் ஆவியோடு போகும், இறக்குகிற நேரத்தில் போடுங்கள். கருக்கின பார்லியையும் வழக்கத்தை விடக் குறைக்கலாம், கருப்பட்டியின் புகை வாசத்துக்கு அது குறுக்கே நிற்கும். உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், உடைந்த இடம் சில்லுச் சில்லாக மினுங்கினால் சீனி கலந்தது, அதற்குச் சீனியையே மூட்டையாக வாங்கிக் கொட்டிவிடலாம், பாதி விலைகூட ஆகாது.